9 வோல்ட் அடாப்டர் 13.8 காட்டுவது ஏன்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் ஒன்றும், சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கொமடோர் 64 ஒன்றும், ஆக இரண்டு பழைய வீட்டுக் கணினிகள், அரங்கு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கிடந்து இப்போது வெளியே வந்திருக்கின்றன. ஸ்பெக்ட்ரமின் அடாப்டரில் 9 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் 13.8 காட்டுகிறது. "அண்ணாச்சி, அடாப்டர் போய்விட்டதா? சிசிடிவி கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது, அதன் முனையில் உள்ள பின்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதைப் போட்டுப் பார்க்கலாமா? கொமடோரின் செங்கல் போன்ற அடாப்டரை அப்படியே சொருகலாமா?" என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

தம்பி, 13.8 காட்டுவது பழுது இல்லை. சிசிடிவி அடாப்டரை ஒருபோதும் போடாதீர்கள். கொமடோரின் செங்கல், இன்றைக்கு மீட்டரில் சரியாக 5 வோல்ட் காட்டினாலும், கணினியில் சொருகத் தகுந்தது இல்லை. அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். காரணங்களை இனி எழுதுகிறேன். காரணம் தெரியாமல் செய்தால் இந்தப் பெட்டிகள் இரண்டும் கால் மணி நேரத்துக்குள் குப்பைக்குப் போய்விடும்.

ஸ்பெக்ட்ரமின் அடாப்டருக்குள் மூன்றே சாமான்கள்தான் இருக்கின்றன: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், ஒரு பெரிய கெப்பாசிட்டர். வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் அதற்குள் கிடையாது. அது கணினியின் உள்ளே இருக்கிறது. அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் 9 வோல்ட் என்பது 1.4 ஆம்பியர் இழுக்கும்போது கிடைக்கும் வோல்ட்டேஜ். எதுவும் இழுக்காதபோது கெப்பாசிட்டர் ஏ.சி. அலையின் உச்சி வரை நிரம்பி அங்கேயே நின்றுவிடும். ஏ.சி.யின் உச்சி என்பது நாம் சொல்லும் அளவைப்போல் 1.414 மடங்கு. உங்கள் 13.8-உடன் டயோடுகள் தின்னும் சுமார் 1 வோல்ட்டைக் கூட்டி, வந்ததை 1.414-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் பத்தரை வரும். சுமை இல்லாதபோது அந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது பத்தரை வோல்ட் ஏ.சி. என்று பொருள். 9 வோல்ட் அடாப்டருக்கு அது நியாயமான அளவு. வெறும் அடாப்டர் 13-க்கும் 14-க்கும் நடுவில் காட்டினால் நான் நிம்மதி அடைவேன். சரியாக 9 காட்டினால்தான் சந்தேகப்படுவேன்.

ஆனாலும் சுமையில்லாமல் அளந்த அளவை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. கெப்பாசிட்டர் முக்கால்வாசி செத்துப்போயிருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. சுமை வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு கிடைக்கும். அதை அடாப்டரின் பின்னுக்குக் குறுக்கே இரண்டு வயரால் கட்டுங்கள். அந்தப் பல்பு முக்கால் ஆம்பியர் போல இழுக்கும். ஸ்பெக்ட்ரம் இழுப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். இப்போது அளந்தால் 13.8 இறங்கி 11-ஐ ஒட்டி வந்து நிற்க வேண்டும். பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனாலோ, அடாப்டரில் கை வைக்க முடியாத சூடு வந்தாலோ, பழைய வார்னிஷ் கருகும் வாடை அடித்தாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி அதே இடத்தில் ரிப்பிளையும், அதாவது டி.சி.யின் மேல் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தையும், அளக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மலிவான மஞ்சள் மீட்டர்களில் பலவற்றுக்கு ஏ.சி.யையும் டி.சி.யையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உங்கள் மீட்டரை ஏ.சி.யில் வைத்து ஒரு 9 வோல்ட் பேட்டரியை அளங்கள். மீட்டர் வயர்களின் கறுப்பு, சிவப்பு முள்களை இடம் மாற்றிப் பிடித்தும் அளங்கள். இரண்டு முறையும் பூஜ்யம் காட்டினால் நல்ல மீட்டர். ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் 20-ஐ ஒட்டியும் காட்டினால் அது ரிப்பிள் பார்க்க உதவாது, வேறு மீட்டர் வாங்கி வாருங்கள். நல்ல மீட்டரில் அரை வோல்ட் சுற்றுவட்டாரம் காட்டினால் கெப்பாசிட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணக்கும் எளிதுதான். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. டயோடுகளைத் தாண்டியதும் அது நொடிக்கு 100 மேடுகள் ஆகிவிடும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே 10 மில்லி நொடி. 4700 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 1 ஆம்பியரை 10 மில்லி நொடிக்கு இழுத்தால் வோல்ட்டேஜ் அதிகபட்சம் 2.1 இறங்கும். அதே கெப்பாசிட்டர் வயதாகி 1000-க்கு வந்துவிட்டால் இறக்கம் பல மடங்காகிவிடும். அடாப்டர் சராசரியில் 9 காட்டிக்கொண்டே, நொடிக்கு நூறு முறை 7 வோல்ட்டுக்குக் கீழே போய்வரும். டிவியில் படத்தின் மேல் மெதுவாக ஏறிப்போகும் இருண்ட பட்டை ஒன்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த 7 வோல்ட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணினிக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டர், தன்னிடம் வருவதைச் சரியாக 5 வோல்ட்டாக்கித் தர வேண்டுமென்றால், வெளியே தருவதைவிட 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 7-க்குக் கீழே போனால் 5-உம் தளரும். கணினி தானாக ரீசெட் ஆகும், அல்லது எழுத்துகள் குழம்பிப்போய் அப்படியே நிற்கும். நம் பக்கத்தில் இது சாதாரண விஷயம். இங்கிலாந்துக்காகச் செய்த அடாப்டரின் பிரைமரி, அதாவது சுவர்க் கரண்ட் நுழையும் சுருள், 240 வோல்ட்டுக்குச் சுற்றியது. நம்முடையது பெயரளவில் 230. வயற்காட்டு மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் தெருக்களில் 190-ஐப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் அதே பிளக்கில் 250-ஐயும் பார்த்திருக்கிறேன். ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விகிதம் மாறாமல் உள்ளே அனுப்பும். 190-இல் உங்கள் 11 வோல்ட் 9 ஆகிவிடும். அதில் ரிப்பிளின் பள்ளத்தையும் கழித்தால் 8. அதுவரை கணினி தாங்கும். அதற்கும் கீழே போனால் தாங்காது.

மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-இல் என்னிடம் வந்து குழப்பிய ஒரு ஸ்பெக்ட்ரம் நினைவுக்கு வருகிறது. கரண்ட் இருக்கும்போது ஒழுங்காக ஓடும். இன்வெர்ட்டருக்கு மாறினால் சில நிமிடங்களில் நின்றுவிடும். இன்வெர்ட்டரில் மீட்டர் வைத்தால் 220 காட்டியது, ஆகவே அதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விளங்கியது. அது சதுர அலை இன்வெர்ட்டர். உண்மையான சைன் அலையில் 230 வோல்ட்டின் உச்சி 325. சதுர அலையில் உச்சியும் 230-தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டியூப்லைட்டும் மின்விசிறியும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, விசிறி கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். உச்சியை நம்பி கெப்பாசிட்டரை நிரப்பும் அடாப்டருக்கோ உயிர்நாடியே அந்த உச்சிதான். 11 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எட்டும் சொச்சமும்தான் வரும்; பேட்டரி இறங்க இறங்க 7-ஐத் தொட்டுவிடும். உங்கள் வீட்டில் பழைய வகை இன்வெர்ட்டர் இருந்தால் அதிலிருந்து இந்தக் கணினிக்கு இணைப்பு கொடுக்காதீர்கள். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இனி சிசிடிவி அடாப்டருக்கு வருகிறேன். உருளைப் பின்னின் அளவு ஒன்றாக இருப்பதுதான் இதில் உள்ள கண்ணி. கேமரா, ரவுட்டர் என்று இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பின்னின் நடுவே பாசிட்டிவ், வெளியே நெகட்டிவ். ஸ்பெக்ட்ரமில் நேர்மாறாக நடுவே நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ். தலைகீழாகச் சொருகினால் தடுத்து நிறுத்த உள்ளே ஒரு டயோடுகூட வைக்கவில்லை. விலையைக் குறைப்பதில் அவ்வளவு கண்ணாக இருந்திருக்கிறார்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 1989-இல் பாளையங்கோட்டையில், கூட்டாளி ஒருவரின் வீட்டு மாடியில், ஸ்பெக்ட்ரமின் அடாப்டர் வயர் அறுந்துபோன ஒரு சாயங்காலத்தில், டேப் ரெக்கார்டரின் எலிமினேட்டர் என்ற அடாப்டரை எடுத்துச் சொருகினேன். அதிலும் 9 வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது. ஐந்து நொடி இருக்கும். திரையில் ஒன்றும் வரவில்லை என்று பிடுங்கிவிட்டு, பின்பு சரியான அடாப்டரின் வயரை ஒட்டிச் சொருகியபோது, கறுப்பும் வெள்ளையுமாகச் செங்குத்துக் கோடுகள் மட்டும் வந்து நின்றன. போனவை டி.ஆர்.4 என்ற ஒரு டிரான்சிஸ்டரும், இரண்டு மெமரி சிப்புகளும். அந்தச் சிப்புகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்து சேர்வதற்குள் கூட்டாளியின் அப்பாவிடம் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

அந்த டி.ஆர்.4-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பெக்ட்ரமைப் பழுது பார்ப்பதில் பாதி அதுதான். ஸ்பெக்ட்ரமின் கீழ் 16 கே மெமரி 4116 என்ற எட்டு சிப்புகளில் இருக்கிறது. திரையில் தெரியும் படத்துக்கான நினைவகமும் அதற்குள்தான் அடக்கம். அதனால்தான் அவை கெட்டால் திரையில் கோடு கோடாக வரும். இந்த 4116-க்கு 5 வோல்ட் மட்டும் போதாது. பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என்று மூன்று வேண்டும். அடாப்டரிலிருந்து வருவது ஒரே ஒரு 9 வோல்ட். அதை வைத்துக்கொண்டு டி.ஆர்.4, டி.ஆர்.5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் காயில் எனப்படும் ஒரு சிறிய கம்பிச் சுருளும் சேர்ந்து பிளஸ் 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் தயாரிக்கின்றன. 4116-இன் குணம் என்னவென்றால், மைனஸ் 5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். மைனஸ் 5 இல்லாமல் பிளஸ் 12 மட்டும் நின்றால் சிப் உள்ளுக்குள் சூடேறிச் செத்துவிடும். டி.ஆர்.4 போனால் நடப்பதும் இதுவே: மைனஸ் 5 காணாமல் போகும், 12 வர வேண்டிய வழியிலோ காயில் வழியாக 9-ஐ ஒட்டிய வோல்ட்டேஜ் வந்து நின்றுகொண்டே இருக்கும். அந்த நிலையில் கணினியை ஓடவிட்டுவிட்டு "என்ன கோளாறு?" என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சிப் விலை.

இதனால் இரண்டு பழக்கங்களைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும். ஸ்பெக்ட்ரமில் ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. பலரும் உயிருள்ள பின்னைச் சொருகியும் பிடுங்கியும்தான் ஓட்டினார்கள். சொருகும்போது பின் தொட்டும் விட்டும் தீப்பொறி பறக்கும், மேலே சொன்ன வரிசை அந்த இடத்தில் தவறும். நம் ஊர்ச் சுவர்ப் பிளக்கில் சுவிட்ச் இருப்பது நமக்கு வசதி. முதலில் பின்னைக் கணினியில் நன்றாக அழுத்திச் சொருகிவிட்டு, பிறகு சுவர் சுவிட்சைப் போடுங்கள். அணைக்கும்போது முதலில் சுவர் சுவிட்ச். இரண்டாவது, கணினியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு இணைப்பில் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் போன்ற எதையும் கரண்ட் இருக்கும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. அந்தத் தகட்டில் 9-உம் 12-உம் 5-உம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. கொஞ்சம் சாய்ந்து உரசினால் போதும், டி.ஆர்.4 கதை மறுபடியும் ஆரம்பமாகும்.

"சரி, பின்னை வெட்டித் தலைகீழாக ஒட்டிவிட்டால் 12 வோல்ட் போடலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். 7805 அளவில் பார்த்தால் 12 ஆபத்தில்லை, அது 35 வரை தாங்கும். தாங்காதது சூடு. உள்ளே வருவதற்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த ரெகுலேட்டரில் சூடாகத்தான் போகும். முக்கால் ஆம்பியருக்கு 12 வோல்ட் கொடுத்தால் 5 வாட்டுக்கு மேல் சூடு. சரியான 9 வோல்ட் கொடுத்தால் 3 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் ஐந்தில் ஒரு பங்குச் சூட்டைக் காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடுவதை நினைத்துப் பாருங்கள். அதுவும் சித்திரையில், நம் ஊரில், ஓட்டு வீட்டில். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 12 வேண்டாம். சூடு குறையட்டும் என்று 9-க்குக் கீழேயும் இறங்க வேண்டாம், டி.ஆர்.4 சுற்று 9-ஐ நம்பித்தான் அமைந்திருக்கிறது.

நான் பரிந்துரைப்பது ரெகுலேட்டர் உள்ள 9 வோல்ட், 2 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (செல்போன் சார்ஜர் வகை) அடாப்டர் ஒன்றை வாங்கி, பின்னின் முனையை மட்டும் மாற்றிக்கொள்வது. வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது 9 என்றே நிற்கும். சதுர அலை இன்வெர்ட்டரைக்கூட அது சமாளித்துவிடும். சுமையில் 11 தரும் பழைய அடாப்டரைவிட 7805 குளிர்ச்சியாகவே ஓடும். பின்னை மாற்றி ஒட்டியதும், அந்த அடாப்டரின் மேல் "நடுவில் நெகட்டிவ், ஸ்பெக்ட்ரமுக்கு மட்டும்" என்று தமிழிலேயே பட்டையாக எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு யாராவது அதை ரவுட்டரில் சொருகி ரவுட்டரைக் கொல்வார்கள். ஒட்டவே மனமில்லை என்றால், பாளையங்கோட்டைப் பக்கம் தேவாலயங்களில் வாசிக்கும் கீபோர்டுகாரர்களிடம் கேட்டுப் பாருங்கள். காசியோ கீபோர்டின் ஏ.டி.5 என்ற பழைய அடாப்டர் 9 வோல்ட்தான், நடுவில் நெகட்டிவ்தான், பின்னும் பொருந்தும். ஆனால் அது 850 மில்லி ஆம்பியர்தான் தரும். வெறும் கணினிக்கு எட்டியும் எட்டாமலும் போதும். கூடுதலாக எதையும் மாட்டினால் போதாது. சோதித்துப் பார்ப்பதற்கு இரவல் வாங்கலாம், நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிகவும் மலிவானதை வாங்கினால் டிவியில் மணல் தூவியது போல இரைச்சல் தெரியும். கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் மெல்லக் கூசவும் செய்யும். இரண்டும் நல்ல அடாப்டரில் பெரிதாகத் தெரியாது.

கொமடோரின் செங்கலுக்கு வருவோம். பெயருக்கு ஏற்ற கனம் அதற்கு உண்டு, ஏனென்றால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் வைத்து எப்பாக்சியை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு வகைக் கரண்ட் வெளியே வருகிறது: 5 வோல்ட் டி.சி. 1.5 ஆம்பியர், 9 வோல்ட் ஏ.சி. 1 ஆம்பியர். ஸ்பெக்ட்ரமுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரமில் ரெகுலேட்டர் கணினியின் உள்ளே இருக்கிறது, அடாப்டர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தந்தாலும் அது காத்துக்கொள்ளும். கொமடோரில் 5 வோல்ட்டுக்கான ரெகுலேட்டர் அந்தச் செங்கலுக்குள் இருக்கிறது, அங்கிருந்து வரும் 5 வோல்ட் வழியில் யாரும் தடுக்காமல் நேராகச் சிப்புகளுக்குப் போகிறது. வாசல்காவல் இல்லாத வீடு. எப்பாக்சிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் வெந்து வெந்து அந்த ரெகுலேட்டர் கெடும்போது, பெரும்பாலும் வெளியே வருவது குறையாமல் கூடிவிடும். 5 போய் 6 ஆகும், 7 ஆகும், அதற்கு மேலும் போகும். 4164 மெமரி சிப்பும் அந்தக் காலத்து மற்றச் சில்லறைச் சிப்புகளும் தாங்கக்கூடிய உச்ச அளவே 7 வோல்ட்தான். சிப்புகள் கூட்டமாகப் போய்ச்சேரும்.

இதில் மோசமானது அதன் கள்ளத்தனம். குளிர்ந்திருக்கும்போது அளந்தால் சரியாக 5.05 காட்டும், அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் ஏறும். இன்று நல்லதாக இருப்பது நாளைக்கு நல்லதாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பிரித்துச் சரிசெய்யலாம் என்றால் எப்பாக்சி விடாது. எனவே அதைச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் நினைவுப்பொருளாக வைத்துவிடுங்கள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நுனியில் இருக்கும் ஏழு பின் உள்ள வட்டமான டின் பிளக்கையும் ஒரு முழம் வயரையும் மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அவை தேவைப்படும்.

மாற்றாகச் செய்துகொள்வது கடினமில்லை. தரமான 5 வோல்ட், 3 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, 230 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபியூஸ், 9 வோல்ட் ஏ.சி. பக்கத்தில் ஒரு ஃபியூஸ். 5 மட்டும் போதும் என்று ஏ.சி.யை விட்டுவிடாதீர்கள். படத்தைத் தயாரிக்கும் சிப்புக்கும் ஒலிச் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட்டைக் கணினி இந்த 9 வோல்ட் ஏ.சி.யிலிருந்துதான் உண்டாக்குகிறது, உள்ளே இருக்கும் கடிகாரமும் நொடிக்கு 50 முறை வரும் அந்த ஏ.சி.யின் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது. 5 வோல்ட்டின் குறுக்கே ஒரு காவலையும் வைக்கலாம். 5.1 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று, ஒரு எஸ்.சி.ஆர்., அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ். வோல்ட்டேஜ் 5.8-ஐ நெருங்கினால் ஜீனர் கடத்தி எஸ்.சி.ஆரை எழுப்பும், எஸ்.சி.ஆர். வழியை ஷார்ட் செய்யும், ஃபியூஸ் போகும், சிப்புகள் பிழைக்கும். டின் பிளக்கில் எந்தக் கால் எது என்று படத்தைப் பார்த்து ஒட்டாதீர்கள். படங்களில் பாதி பின்னின் முன்பக்கத்தையும் பாதி ஒட்டும் பக்கத்தையும் காட்டிக் குழப்பும். கணினியைத் திறந்து, சாக்கெட்டின் எந்தக் கால் போர்டில் எங்கே போகிறது என்று மீட்டரின் பீப் ஒலியை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். 4164 சிப்பில் எட்டாவது கால் பிளஸ் 5, பதினாறாவது கால் கிரவுண்ட். அந்த இரண்டு கால்களிலிருந்து பின்னோக்கி வந்தால் தவறே நேராது.

சிங்கப்பூர்ச் சரக்கு என்பதால் உங்களுக்கு இன்னொரு தலைவலி இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 சுற்று. அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் ஸ்டெப்-டவுன் வைத்தாலும் தீராது. 60 சுற்றுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50-இல் ஓட்டினால் இரும்பில் காந்தப் பாய்ச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடி அது வெந்துகொண்டே இருக்கும்.

பல வருடம் தூங்கிய எந்த அடாப்டரையும் முதல்முறை சுவரில் சொருகும்போது சீரிஸ் பல்பு வைத்துச் சொருகுங்கள். 60 வாட் குண்டு பல்பு இப்போது கடையில் கிடைப்பது அருகிவிட்டது. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஃபேஸ் வயரில் பல்பைத் தொடராகக் கட்டி, அதன் வழியாக அடாப்டருக்குக் கொடுங்கள். பல்பு மங்கலாக மினுங்கினாலோ எரியாமலே இருந்தாலோ நல்லது. பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட். இந்தச் சோதனை டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடாப்டருக்குத்தான் பொருந்தும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை இப்படிக் கட்டினால் அது எழுவதும் விழுவதுமாக மிரண்டு ஒன்றும் விளங்காது. நீங்கள் ஏற்கனவே நேராகச் சொருகி 13.8 பார்த்துவிட்டீர்கள், தப்பித்தீர்கள், பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டோடு நீங்கள் நிற்கப்போவதில்லை என்று தோன்றுகிறது. 1984 வாக்கில் மத்திய அரசின் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நாடெங்கும் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அவற்றை இங்கே தயாரித்தது. அவற்றில் ஒன்று எங்காவது பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால், வாங்கலாம், சொருகக் கூடாது. பிபிசி மைக்ரோவில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, அது எஸ்.எம்.பி.எஸ். வகை. 230 வோல்ட் நுழையும் இடத்திலேயே ரிஃபா என்ற கண்ணாடி போன்ற மஞ்சள் உறை போட்ட காகிதக் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும். அந்த உறை வருடக்கணக்கில் மயிரிழையாக வெடித்து, உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரண்ட் கொடுத்தால் புகையும். என்னிடம் வந்த ஒன்று, முழுதாகப் பத்து நிமிடம் அருமையாக ஓடி என்னை நம்பவைத்துவிட்டு, பின்பு அறை முழுவதையும் நிரப்பியது. அந்த வாடை திரைச்சீலையிலிருந்து போக ஒரு வாரம் ஆனது. குற்றால சாரல் காற்று அடிக்கும் தென்காசிப் பக்கத்தில் கிடந்த பெட்டி என்றால் இன்னும் மோசம். இரண்டையும் கழற்றிவிட்டு அதே அளவுள்ள எக்ஸ்2 வகை பிளாஸ்டிக் பிலிம் கெப்பாசிட்டரை வைத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் பிரிக்கும் முன்பு பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பெக்ட்ரம் அடாப்டரைத் திறப்பதும் இதைத் திறப்பதும் ஒன்றாகாது, எஸ்.எம்.பி.எஸ். பழகிய டிவி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஸ்பெக்ட்ரமில்தான். பின்னிலும் சாக்கெட்டிலும் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள். பல்பு வைத்து அடாப்டரைச் சோதியுங்கள், அல்லது புதிய 9 வோல்ட் வாங்கிப் பின்னை மாற்றி, நடுவில் நெகட்டிவ் வருகிறதா என்று மீட்டரில் இரண்டு முறை பாருங்கள். கணினியின் அடிப்புறத் திருகுகளைக் கழற்றி மேல்மூடியை எடுக்கும்போது வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். விசைப்பலகையின் பிளாஸ்டிக் நாடாக்கள் இத்தனை வருடத்தில் அப்பளமாகியிருக்கும், தொட்டதும் ஒடியும். நாடாக்களைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரின் கறுப்பு முள்ளை ரெகுலேட்டரின் நடுக்காலில் வையுங்கள். சுவர் சுவிட்சைப் போட்டு, முதலில் ரெகுலேட்டரில் 5 வோல்ட் வெளியே வரும் காலில் 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். உடனே 4116 ஒன்றின் முதல் காலில் மைனஸ் 5, எட்டாவது காலில் பிளஸ் 12, ஒன்பதாவது காலில் பிளஸ் 5. மூன்றையும் அரை நிமிடத்துக்குள் அளந்துவிட்டு அணைத்துவிடுங்கள். முள் வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டுவிடாமல் இருக்க, முள்ளின் நுனியைத் தவிர மற்ற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அளந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். முதல் காலில் மைனஸ் 5 இல்லை என்றால், நான் பதில் எழுதும் வரை அந்தக் கணினிக்கு மறுபடியும் கரண்ட் கொடுக்காதீர்கள், தம்பி. எட்டு சிப்பில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.